பழைய மெழுகு ஏறிய ஈயக் குண்டுகளுக்குப் பவுடர் கோட்டிங்: மெழுகை எடுப்பது எப்படி?

ஓஹியோவில் இருக்கும் ஒரு நண்பரின் கேள்வி இது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சுடும் பயிற்சியை நிறுத்திவிட்டு, தான் பல வருடங்களுக்கு முன் வீட்டிலேயே வார்த்து வைத்திருந்த ஈயக் குண்டுகளை மூன்று காப்பி டப்பாக்களில் போட்டு இவரிடம் கொடுத்துவிட்டார். பெரும்பாலும் .38 ரிவால்வருக்கான, 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள குண்டுகள். எல்லாவற்றின் பள்ளங்களிலும் பழைய லூப், அதாவது பேரலில் ஈயம் படியாமல் இருக்கப் பூசும் மெழுகு, இறுகிப் போயிருக்கிறது. சிலவற்றில் நீலம், சிலவற்றில் பழுப்பு. நண்பரோ இப்போது மெழுகுக்குப் பதிலாகக் குண்டின் மேல் பிளாஸ்டிக் தோல் ஏற்றும் பவுடர் கோட்டிங்குக்கு மாறிவிட்டார். "இந்த மெழுகை எடுத்தே ஆக வேண்டுமா? மேலேயே பவுடரைப் போட்டால் பிடிக்காதா? எடுக்கத்தான் வேண்டுமென்றால் வெந்நீரா, மினரல் ஸ்பிரிட்ஸா, ஓவனா?" என்று கேட்கிறார்.

எடுத்தே ஆக வேண்டும். முதலில் கொதிநீர், அப்புறம் மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயின்ட் கரைக்கும் பெட்ரோலியத் திரவம்), கடைசியாக அசிட்டோன் என்ற வரிசையில் போனால் நன்றாக வரும். ஆனால் டப்பாவில் இருக்கும் எல்லாக் குண்டுக்கும் இந்தப் பாடு தேவையா என்பதை முதலில் பாருங்கள். சிலவற்றைத் திரும்ப உருக்கி வார்ப்பது இதைவிடச் சுலபம். சிலவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவில் சட்டப்படி செய்யக்கூடிய பொழுதுபோக்கு. அங்கே சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்க்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாம், விற்பதென்றால் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவோ அதன் பாகமோ செய்யக் கூடாது. இதைப் பார்த்து இந்தியாவில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

சரி, மெழுகின் மேல் கோட்டிங் ஏன் பிடிக்காது? பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் மாவு. பெரும்பாலும் பாலியெஸ்டர். குண்டுகளையும் பவுடரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கும்போது உராய்வில் நிலைமின்சாரம் உண்டாகி, மாவு உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் வைத்தால் அது உருகிப் பரவி, வேதிவினை நடந்து கெட்டியான தோலாகிறது. பவுடர் கம்பெனிகள் பொதுவாகக் கேட்பது 400 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 204 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். கடைகளில் விற்கும் வார்ப்புக் குண்டுகளில் இருக்கும் கெட்டியான நீல, சிவப்பு லூப்பில் கார்னோபா மெழுகு கலந்திருப்பது வழக்கம். அதுகூட 86 டிகிரிக்குள் உருகிவிடும். ஆக, பவுடர் உருகிப் படியும் நேரத்தில் பள்ளத்தில் இருந்த மெழுகு எப்போதோ திரவமாகி அதன் அடியில் ஓட ஆரம்பித்திருக்கும். பவுடருக்குப் பிடிமானம் ஏது?

அப்படிக் கெட்டுப்போன ஒரு குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு வெற்று வளையம் ஓடும். மூக்குப் பக்கம் கோட்டிங் நன்றாக இருக்கும். கீழே வரவர மீன் கண் மாதிரி சின்னச் சின்ன வட்டக் குழிகள் தெரியும், நடுவில் ஈயம் எட்டிப் பார்க்கும். அடியில் விரித்த அலுமினியத் தாளில் பழுப்பாக ஒரு எண்ணெய்ச் சொட்டு காய்ந்து கிடக்கும். விரல் நகத்தால் கீறினால் தோல் உரிவதுபோல் ஒரு துண்டு கழன்று வரும். அதே துண்டு பேரலுக்குள்ளும் கழன்று வரும். வெற்று ஈயம் உரசி, பேரலின் காடிகளில் ஈயம் படியும். கோட்டிங் போடுவதே அதைத் தடுக்கத்தானே.

முதல் வேலை, டப்பாக்களை வெளிச்சத்தில் கொட்டிப் பிரிப்பது. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டாம். கேரேஜில், கழுவக்கூடிய ஒரு தட்டில் கொட்டுங்கள். பிரிக்கும்போது முதலில் தேட வேண்டியது வெள்ளைப் பொடி பூத்த குண்டுகள். ஈயம் பழசாகும்போது சும்மா மங்கிச் சாம்பல் நிறமாவது வேறு, அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மரப் பெட்டியிலோ, அதுவும் ஓக் மரப் பெட்டியில், வருடக்கணக்கில் இருந்திருந்தால் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளையான ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிடும். அருங்காட்சியகங்களில் ஈயப் பொருட்களை ஓக் அலமாரியில் வைக்க மாட்டார்கள், காரணம் இதுதான். அந்த வெள்ளைப் பொடி மூச்சில் போனாலும் வாயில் போனாலும் சுலபமாக உடம்பில் ஏறும். உலர்ந்த நிலையில் அதைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. பூத்த குண்டுகளின் மேல் கொஞ்சம் எண்ணெய் தெளித்து, மூடிய டப்பாவில் போட்டு, ஈயம் வாங்கும் பழைய உலோகக் கடைக்கு, என்ன இருக்கிறது என்று சொல்லியே கொடுத்துவிடுங்கள். காப்பாற்றும் அளவுக்கு அவற்றுக்கு மதிப்பு இல்லை.

அடுத்து, அடிப்பக்கத்தில் செம்புத் தொப்பி மாட்டிய குண்டுகளைத் தனியே வையுங்கள். இதைக் கேஸ் செக் என்பார்கள். தொப்பிக்கும் ஈயத்துக்கும் இடையில் மெழுகு புகுந்திருக்கும். என்ன கழுவினாலும் அது ஓவனில்தான் வெளியே வரும். இவற்றை இப்படியே பழைய முறையில் சுட்டுத் தீர்ப்பது நல்லது. அடியில் குழி விழுந்த வாட்கட்டர் குண்டுகள் (காகித இலக்கைச் சுடுவதற்கான தட்டை மூக்குக் குண்டுகள்) சில கலந்திருக்கலாம். அவை பெரும்பாலும் அச்சில் வார்த்தவை இல்லை, மென்மையான ஈயத்தை அழுத்திச் செய்த கடைச் சரக்கு. குழிக்குள் தண்ணீர் தங்கும், ஓரம் மெல்லியது, சீக்கிரம் நசுங்கும். அவற்றையும் விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பவை சாதாரண வார்ப்புக் குண்டுகள். உங்களிடம் அதே மாதிரி அச்சும் உருக்குப் பானையும் இருந்து, குண்டுகள் கொஞ்சமாக இருந்தால், உருக்கி வார்ப்பதையே நான் சொல்வேன். கழுவுகிற நேரத்தில் புதிதாக வார்த்துவிடலாம். பழைய மெழுகு வீணாகாது. உருகிய ஈயத்தில் அதுவே ஃப்ளக்ஸ் (உருகிய உலோகத்தைச் சுத்தப்படுத்தும் பொருள்) வேலையைச் செய்து, ஆக்ஸைடாகிப் போன வெள்ளீயத்தைத் திரும்ப உலோகத்தில் சேர்க்கும். ஆனால் புகை கிளம்பும், தீப்பிடிக்கும். எனவே வெட்டவெளியில், குளிர்ந்த பானையில் குண்டுகளைப் போட்ட பிறகு அடுப்பை மூட்ட வேண்டும். ஏற்கனவே உருகி நிற்கும் ஈயத்தில் இவற்றைப் போடக் கூடாது. பள்ளத்து மெழுகின் அடியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால்கூட அது நொடியில் நீராவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஒருமுறை வெந்நீரில் கழுவிய குண்டை உருக்கப் போகிறீர்கள் என்றால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

அச்சு இல்லை, அல்லது நூற்றுக்கணக்கில் நல்ல குண்டுகள் இருக்கின்றன என்றால் கழுவலாம். இதற்கு ஒரு பழைய ஸ்டீல் பாத்திரம், கைப்பிடி வைத்த கம்பி வடிகட்டிக் கூடை, வெளியில் வைத்து எரிக்கும் அடுப்பு வேண்டும். பாத்திரமும் கூடையும் இனிமேல் சமையலுக்குத் திரும்பாது. அதன் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன்: 158 கிரெய்ன் குண்டு 500 சேர்ந்தால் 5 கிலோவுக்கு மேல் எடை வரும். மெல்லிய கூடை வளைந்துவிடும். நூறு நூறாகப் போடுங்கள். கொட்டும்போது உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். குண்டின் அடிப்பக்க விளிம்பு கூராக, வட்டமாக இருந்தால்தான் குறி நேராகப் போகும். மூக்கில் ஒரு தழும்பு விழுந்தால் பரவாயில்லை, அடி விளிம்பில் விழக் கூடாது.

கூடையைப் பாத்திரத்துக்குள் வைத்து, குண்டுகள் மூழ்கி நாலு விரற்கடை மேலே நிற்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு கொஞ்சம் விட்டுக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதிக்க வேண்டாம், மெதுவாகக் கொதித்தால் போதும். பத்து நிமிடத்துக்குள் பள்ளங்களில் இருந்து மெழுகு சின்னச் சின்ன முத்தாகக் கழன்று மேலே வரும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு படலமாக மிதக்கும். அவ்வப்போது கூடையை லேசாக ஆட்டிவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் குண்டுகளின் இடுக்கில் மெழுகு சிக்கி நிற்கும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேருடைய வேலை கெடுகிறது. மெழுகு மேலே வந்துவிட்டதே என்று கூடையைத் தூக்கினால், சுத்தமான ஒவ்வொரு குண்டும் அந்த மிதக்கும் மெழுகு வழியாகத்தான் வெளியே வரும். வரும்போது மேலெல்லாம் மெழுகைப் பூசிக்கொண்டு வரும். முன்பு பள்ளத்தில் மட்டும் இருந்த மெழுகு இப்போது குண்டு முழுக்க இருக்கும். மெல்லியதாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் அப்படியே ராத்திரி முழுக்க ஆறவிடுவது. காலையில் மெழுகு அப்பளம்போல் ஒரு தட்டாக உறைந்து நிற்கும், ஓரத்தில் கத்தியைக் கொடுத்துத் தூக்கினால் முழுசாக வந்துவிடும். அப்புறம் கூடையை எடுக்கலாம். இன்னொன்று, பாத்திரத்தை ஒரு பெரிய வாளிக்குள் வைத்து, அடுப்பில் இருந்து எடுத்த சூட்டோடு மேலே மேலே வெந்நீர் ஊற்றி, மெழுகுப் படலம் விளிம்பைத் தாண்டி வாளிக்குள் வழியும்படி செய்வது. நான் ஆறவிடும் வழியைத்தான் சொல்வேன். கொதிக்கும் ஈயத் தண்ணீரை வழியவிடுவதில் கை சுடவும், தரையில் சிந்தவும் வாய்ப்பு அதிகம்.

முதல் கொதியிலேயே எல்லாம் போகாது. புதுத் தண்ணீர், புது சோப்பு விட்டு இன்னொரு முறை கொதிக்க வையுங்கள். இரண்டாவது முறை மேலே மெழுகு ஏறக்குறைய வராமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

லூப் எந்த வகை என்பதைப் பொறுத்து வெந்நீர் செய்யும் வேலை மாறும். நீல, சிவப்புக் கெட்டி மெழுகு வெந்நீருக்கே பெரும்பாலும் போய்விடும். நண்பர் சொல்லும் பழுப்பு லூப் தொட்டால் ஒட்டுகிறது, ஒரு மாதிரி எண்ணெய் வாசம் அடிக்கிறது என்றால் அது அனேகமாகத் தேன்மெழுகும் அலாக்ஸும் பாதிப்பாதி கலந்த பழைய கலவையாக இருக்கும். அமெரிக்காவில் வீட்டில் வார்ப்பவர்கள் நெடுங்காலமாக நம்பியது அதைத்தான். அலாக்ஸ் என்பது துரு பிடிக்காமல் இருக்கப் பூசுவதற்காக வந்த பெட்ரோலியப் பொருள். உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்வதே அதன் குணம். வெந்நீரில் மெழுகு போன பிறகும் அலாக்ஸின் பிசுபிசுப்பு ஒரு படலமாக நிற்கும். லித்தியம் கிரீஸ் கலந்த லூப் கொதிநீரில் உருகவே உருகாது. மாலிப்டினம் கலந்ததென்றால் கரும்பொடி மிஞ்சும். இவற்றுக்கெல்லாம் மினரல் ஸ்பிரிட்ஸ்தான்.

மினரல் ஸ்பிரிட்ஸை மூடி போட்ட கண்ணாடிச் சாடியிலோ உலோக டப்பாவிலோ ஊற்றி, குண்டுகளைப் போட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, இடையிடையே மெதுவாக உருட்டிவிடுங்கள். பள்ளத்துக்குள் பழைய நைலான் டூத் பிரஷ்ஷால் ஒரு சுற்று தேய்த்தால் நல்லது. இதைச் சூடாக்கினால் வேகமாகக் கரையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாதாரண மினரல் ஸ்பிரிட்ஸின் ஆவி சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். கோடையில் மூடிய கேரேஜ் அந்தச் சூட்டைத் தானே எட்டும். கதவைத் திறந்து வைத்து, வாட்டர் ஹீட்டரின் சின்னத் தீ எரியும் இடத்தைவிட்டுத் தள்ளிச் செய்யுங்கள். அல்ட்ராசானிக் கிளீனர் வைத்திருப்பவர்கள் அதில் சோப்புத் தண்ணீர் மட்டும் விடலாம். மினரல் ஸ்பிரிட்ஸை விடக் கூடாது.

இரண்டு குளியல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாடியில் பெரிய அழுக்கு போகட்டும், இரண்டாவதில் புதுத் திரவம் இருக்கட்டும். முதல் சாடியைச் சில நாள் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் குளியலுக்கே உபயோகிக்கலாம்.

மினரல் ஸ்பிரிட்ஸ் மெழுகைக் கரைக்கும், ஆனால் தானே லேசான எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். அதை எடுக்கத்தான் அசிட்டோன். நிறையப் பேர் முதல் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு நேராக அசிட்டோனில் போடுகிறார்கள், அப்புறம் கோட்டிங் உரிகிறது என்று திகைக்கிறார்கள். அசிட்டோனுக்கு எண்ணெய்ப் பசை எடுக்க வரும். கெட்டி மெழுகைச் சாதாரணச் சூட்டில் அது சரியாகக் கரைக்காது. கடைசி அலசலுக்குத்தான் அது ஏற்றது. அலசும் அசிட்டோன் புதிதாக இருக்க வேண்டும். மங்கலாகிப்போன அசிட்டோனில் அலசினால் அதில் கரைந்திருப்பதே காய்ந்து குண்டின் மேல் படியும். மினரல் ஸ்பிரிட்ஸைவிட இது பல மடங்கு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் அலசின குண்டுகளை வெளியில் விரித்து, வாசம் முழுக்கப் போன பிறகே ஓவன் பக்கம் கொண்டுவர வேண்டும்.

ஓவனிலேயே மெழுகை உருக்கி வடிப்பது பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். கொஞ்சம் குண்டுகளுக்குச் செய்யலாம். கம்பித் தட்டில் குண்டுகளை நிறுத்தி, கீழே விளிம்பு மடித்த அலுமினியத் தட்டில் பேப்பர் டவலை விரித்து, 200 டிகிரி பாரன்ஹீட்டில் அரை மணி வைத்தால் மெழுகு சொட்டி டவலில் ஊறும். பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. ஒரு சொட்டு ஹீட்டர் கம்பியில் விழுந்தால் புகை, சில சமயம் தீ. அதோடு, வடிந்தது போக ஒட்டியிருப்பதை எடுக்க எப்படியும் மினரல் ஸ்பிரிட்ஸும் அசிட்டோனும் வேண்டும். அதனால் நூறு குண்டுக்கு மேல் என்றால் வெந்நீரே மேல்.

சில பொருட்களின் பக்கமே போகக் கூடாது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசல் பேரலில் படிந்த ஈயத்தை எடுக்கும் என்று சொல்வார்கள். எடுக்கும்தான், ஈயத்தைக் கரைத்து ஈய அசிடேட் ஆக்கியே எடுக்கும். தண்ணீரில் கரைந்து நிற்கும் ஈயம் அது. உடம்பில் சுலபமாக ஏறும் ஆபத்தான வடிவம். காஸ்டிக் சோடாவும் ஈயத்தை அரிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். அதன் மிச்சம் அதிகச் சூட்டில் ஃபாஸ்ஜீன் விஷவாயுவாக மாறக்கூடியது. பெட்ரோலில் கழுவும் பழைய வழக்கத்தையும் மறந்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு அதே மெஷினில் பிள்ளையின் தட்டு கழுவப்படும் என்பதை நினைத்தால் போதும்.

ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். குண்டைத் தொடுவதால் ஈயம் தோல் வழியே பெரிதாக ஏறாது. கையில் இருந்து வாய்க்குப் போவதுதான் வழி. கழுவும் வேலையில் சாதாரணமாகக் குண்டைத் தொடுவதைவிட அதிக ஆபத்து உண்டு. ஏனென்றால் வருடக்கணக்காக மெழுகின் அடியில் ஒட்டியிருந்த நுண்ணிய ஈய அழுக்கெல்லாம் இப்போது தண்ணீரில், துணியில், மேசையில் பரவுகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-இல் அளவைக் குறைத்தது. அது எவ்வளவு சின்ன அளவு என்று யோசியுங்கள். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் ஈயத்துக்கென்று விற்கும் சோப்பால், முதலில் குளிர்ந்த நீரில், கை கழுவுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் இந்த வேலையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து வார்ப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்பது நல்ல பழக்கம்.

கழுவின தண்ணீர், மெழுகுத் தட்டு, மினரல் ஸ்பிரிட்ஸ் வண்டல், துடைத்த டவல் எதுவும் தோட்டத்துக்கோ சாக்கடைக்கோ போகக் கூடாது. மூடி உள்ள வாளிகளில் தனித்தனியே சேர்த்து, கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்தும் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் கொடுத்துவிடுங்கள். அந்த மெழுகுத் தட்டை ஃப்ளக்ஸாக உபயோகிக்கலாமே என்று தோன்றும். அதற்குள் தண்ணீர் சிக்கியிருக்கும். உருகிய ஈயத்தில் போட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

குண்டு உண்மையிலேயே சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியைப் பள்ளத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். ஈயத்தின் சாம்பல் கறை கொஞ்சம் வரும், அது பரவாயில்லை; மஞ்சளோ பழுப்போ நீலமோ வந்தால் லூப் இருக்கிறது. இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு: ஒவ்வொரு டப்பாவில் இருந்தும் சில குண்டுகளைப் பவுடர் இல்லாமலேயே 400 டிகிரி பாரன்ஹீட்டில் பத்து நிமிடம் புது அலுமினியத் தாளின் மேல் வையுங்கள். தாளில் வளையமோ சொட்டோ விழவில்லை, புகை வரவில்லை என்றால் அந்த டப்பா தேறிவிட்டது. கோட்டிங்கின்போது வெளியே வரப்போவது எதுவாக இருந்தாலும் இந்தச் சோதனையில் முன்கூட்டியே வந்துவிடும்.

தேறிய குண்டுகளை வெறுங்கையால் தொடாமல், முடிந்தால் அன்றைக்கே கோட்டிங் போட்டுவிடுங்கள். அடியில் 5 என்ற எண் போட்ட பாலிப்ரோப்பிலீன் டப்பா, ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கியில் போடும் கருப்பு பிளாஸ்டிக் மணிகள், பவுடர், ஒரு நிமிடக் குலுக்கல் என்று நண்பருக்கு ஏற்கனவே தெரிந்த முறைதான். இனிமேல் உணவு சூடாக்காத, தனி டோஸ்டர் ஓவன். அதற்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், ஓவன் குமிழில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த ஈயம், தனி ஈயம் உருகும் 327 டிகிரி செல்சியஸ் வரைக்கும் காத்திருக்காது. அந்த மூன்றும் சேர்ந்த கலவையில் சுமார் 240 டிகிரியிலேயே ஒரு பகுதி உருக ஆரம்பிக்கும். பவுடருக்கு வேண்டிய 204-க்கும் அதற்கும் இடைவெளி ரொம்ப இல்லை. மலிவான ஓவனில் ஹீட்டர் பக்கத்து மூலை அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டால் குண்டு சரிந்து உட்கார்ந்துவிடும்.

பழைய குண்டுகளில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் லூப் போடும்போதே அவற்றைச் சரியான விட்டத்துக்கு அழுத்தி வைத்திருப்பார். கோட்டிங் விட்டத்தை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு கூட்டும். அதனால் கோட்டிங் முடிந்த பிறகு மறுபடி சைசிங் டையில் (குண்டைச் சரியான விட்டத்துக்கு அழுத்தும் துளைக் கருவி) தள்ளி எடுக்க வேண்டும், ரிவால்வர் சிலிண்டரில் தடங்கலில்லாமல் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம், அவர் அச்சில் இருந்து நேராகத் தண்ணீரில் போட்டுக் கெட்டியாக்கிய குண்டுகளாக இருந்தால், ஓவன் சூடு அந்தக் கெட்டித்தன்மையை இறக்கிவிடும். .38 ஸ்பெஷலுக்கு அது பிரச்சினையே இல்லை. அதைவிட வேகமாகச் சுடும் மேக்னத்துக்கு வேண்டுமென்றால் ஓவனில் இருந்து எடுத்ததும் நேராகக் குளிர்ந்த நீரில் கொட்டினால் ஓரளவு திரும்பி வரும்.

முதல் தட்டு ஆறியதும் ஒரு குண்டைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குங்கள்; நன்றாகப் பிடித்த கோட்டிங் ஈயத்தோடு சேர்ந்து விரியும், செதிலாக உதிராது. இன்னொன்றை அசிட்டோன் துணியால் தேயுங்கள். நிறம் துணியில் ஏறினால் போதிய சூட்டில் வேகவில்லை, அதே தட்டைத் திரும்ப ஓவனில் வைக்கலாம். குண்டு முழுக்கப் பவுடர் மெல்லியதாக, திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தால் அன்றைய காற்றில் ஈரம் அதிகமாக இருந்திருக்கும். காய்ந்த நாளில் இன்னொரு கோட் போட்டால் சரியாகிவிடும். பள்ளத்தை ஒட்டி மட்டும் வெற்று வளையமும் குழிகளும் இருந்தால் மேலே இன்னொரு கோட் போட்டு மூடாதீர்கள். அந்த டப்பாவின் மிச்சக் குண்டுகள் எல்லாம் திரும்ப மினரல் ஸ்பிரிட்ஸுக்குப் போக வேண்டும், வளையம் விழுந்தவற்றை ஈயத் துண்டுகளோடு உருக்குப் பானைக்கு ஒதுக்கி வைக்கலாம்.